ஓலை கேட்ட குருவி

போன கார்த்திகை தீபத்தன்று, அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சொர்ணம் எனக்கு இதைச் சொன்னாள்.

கூடு கட்ட ஓர் ஓலை வேண்டுமென்று ஒரு தூக்கணாங்குருவி பனைமரத்திடம் போனது. பெட்டைக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. முன்பு குளத்திடம் களிமண் கடன் வாங்கிக் கட்டிய கூடு காற்றோடு போயிற்று, கடன் மட்டும் நின்றது. வயலிலிருந்து மண் சுமந்து சுமந்து இப்போதுதான் அடைத்திருந்தது.

"கடன்காரனாச்சே நீ?" என்றது பனை.

குருவி கீழே இருந்த குளத்தைப் பார்த்தது. "அடைச்சிட்டேன் அண்ணாச்சி. குளத்தக்காவைக் கேளுங்க."

குளம் தூக்கக் கலக்கத்தில் சிரித்தது. "கையில ஒண்ணுமில்லாத அன்னைக்கும் வந்து நிப்பான். 'இன்னைக்கு இல்லக்கா'ம்பான். சும்மா போக வெட்கப்பட்டு, என்மேல மிதக்கிற சருகைப் பொறுக்கிட்டுப் போவான். என் முகமே தெளிஞ்சு போச்சு."

பனை யோசித்தது. பிறகு தண்ணீருக்கு மேலே ஓர் ஓலையைத் தாழ்த்தியது. "குருத்துல வர்ற புழுவைத் தினமும் பொறுக்கணும். நான் சாயிற வரைக்கும்."

"அவ்வளவு நாளா!"

"ஓலைன்னா சும்மாவா?"

குருவி தலையாட்டியது. குளம் தானாகவே ஓர் உருண்டை களிமண்ணை நீட்டியது. அந்திக்குள் குருவி ஓலை நுனியில் கூடு கட்டி, அந்த மண்ணை உள்ளே அப்பி, அதில் விளக்காக ஒரு மின்மினியைப் பதித்துவிட்டது. அந்த வெளிச்சம் இன்னும் தண்ணீரில் ஆடுகிறதாம்.

அந்தப் பக்கம் போனால் குளத்தில் கல் மட்டும் எறியாதீர்கள்.