முழு மார்க் வாங்கிய எலும்புக்கூடு

மகள் தென்றலைப் பிசியோதெரபி பட்டப்படிப்பில் சேர்க்க விருத்தாசலம் கல்லூரிக்கு வந்த பழமலை, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“நல்ல படிப்புதான்னு எப்புடி சார் நம்புறது?”

“பல்கலைக்கழகக் குழு மூணு வருஷமா வந்து சோதிச்சு முழு மார்க் போடுதுங்க” என்றார் முதல்வர்.

“எதைப் பாத்துப் போட்டாங்க?”

முதல்வர் மூலையில் நின்ற எலும்புக்கூட்டைக் காட்டினார். “ஜெர்மனியிலேர்ந்து வந்தது. இதை வெச்சுத்தான் பாடமே. குழுவுல வந்த டாக்டருங்க ஒவ்வொரு எலும்பா எண்ணிப் பாத்துப் பாராட்டி எழுதினாங்க.”

பழமலை எழுந்துபோய் அதன் காலருகே குனிந்து பார்த்தார்.

“போதும்ப்பா, கையெழுத்துப் போடுப்பா” என்று தென்றல் கெஞ்சினாள்.

அவர் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எண்ணிக்கை சரிதான் சார். ஆனா ரெண்டு பாதமும் எடது பாதம். வலது பாதத்து அச்சு ஒடைஞ்சிபோச்சு. அவசர ஆர்டருன்னு ஒரே அச்சுல ரெண்டையும் ஊத்தி, நம்மூரு பீங்கான் சூளையில நான்தான் சுட்டேன். யாராச்சும் பாத்துட்டுத் திருப்பி அனுப்புவீங்கன்னு மூணு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்.”