நான்காவது மாடியிலிருந்து விழுந்தவர்

அப்பா நான்காவது மாடியிலிருந்து விழுந்து சாகிற இடத்தை நடித்துக்கொண்டிருந்தபோதுதான், இரண்டாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

தேய்த்த சட்டை. மடியில் வேலைக்குக் கொண்டுபோகும் பை. முட்டி இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

நாடக ஆக்கத்தில் முதுகலைப் பட்டம். அதன் கடைசித் தேர்வு இது. நாற்பது நிமிடம், தனி ஆளாக, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு நாடகம். வீட்டில் தேதியைச் சொல்லவே இல்லை. தங்கைதான் யாரோ பகிர்ந்த போஸ்டரை அப்பாவிடம் காட்டியிருப்பாள். பையன் ஆச்சரியப்படட்டும் என்று அவரும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆச்சரியம்தான்.

அவரைச் சாகடித்தது நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதல் வருடம், முதல் வாரம். இழந்துபோன ஒருவரின் பொருளைக் கொண்டுவந்து அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. வகுப்பில் பதினொரு பேர். ஒருத்தி அண்ணனின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். ஒருவன் அம்மாவின் மருந்துச் சீட்டை. ஆளாளுக்குக் குறைந்தது ஒரு சாவாவது கைவசம் இருந்தது. எனக்குத்தான் எல்லோரும் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தார்கள்.

என் பையில் கிடந்தது அப்பாவின் டெஸ்டர் ஒன்றுதான். விடுதி அறையில் பிளக் பாயிண்ட் சரியில்லை என்றதும் கொடுத்தனுப்பியது. அதைக் கறுப்புத் தரையில் வைத்து, "எங்க அப்பாவோடது" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாமல் திருதிருவென்று முழித்தேன்.

அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடிக்காரி வந்து கட்டிக்கொண்டாள். ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படி நடந்தது என்று யாரோ கேட்டார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாயில் லிஃப்ட்தான் வந்தது.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை என்னை ஏறிட்டுப் பார்க்காதவர்கள் எல்லாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் பிடித்திருந்தது.

இரண்டு வருடத்தில் பொய் நன்றாகச் சதை போட்டது. கயிறு அறுந்து லிஃப்டோடு விழுவதாக எழுதினேன். அப்படியெல்லாம் விழாது, பிரேக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்று அப்பா சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்லியிருக்கிறார். சினிமாவில் அப்படிக் காட்டினால் டிவியையே அணைத்துவிடுவார். ஆனாலும் மேடையில் கயிறுதான் எடுபட்டது.

இப்போது அறுந்த கயிற்றை மேலே போட்டுக்கொண்டு, அவர் உடலாக நான் தரையில் கிடந்தேன். இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி.

நிறுத்தவில்லை. அம்மா விழுந்து புரண்டு அழுவதையும் அவர் கண்ணெதிரிலேயே நடித்து முடித்தேன். எனக்கும் அழுகை வந்தது, நிஜமான அழுகை. ஒத்திகையில்கூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

விளக்குகள் எரிந்தன. இனி கேள்வி நேரம். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்: 'இந்த நாடகத்தில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை.'

அந்த வரி பொய்யென்று தெரிந்தால் பட்டம் கிடையாது. இரண்டு வருடமும் போச்சு.

அவர் நிமிர்ந்து இரண்டாவது வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் அங்கே.

"அவர் யாரு? உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருக்காரே?"

செத்துப்போய்விடலாம் போலிருந்தது. இந்த முறை நானே.

அப்பா எழுந்தார். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேலதிகாரி முன்னால் நிற்பது போல நின்றார்.

"நான் அவனுக்குச் சித்தப்பாங்க. அண்ணனும் நானும் ஒரே கம்பெனிலதான் வேலை. அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன்." தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். "கயிறு அறுந்துதாங்க விழுந்துச்சு. பையன் சொன்னது அத்தனையும் உண்மை."

எனக்குச் சித்தப்பாவே கிடையாது.

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வகுப்பே வரிசையில் நின்று துக்கம் விசாரித்தது. தன் சாவுக்கு வந்த ஆறுதலை அப்பா ஒவ்வொருவரிடமும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக்காரி அவர் முன்னால் உடைந்து அழுதபோது, "அழாதம்மா" என்று தட்டிக்கொடுத்தார்.

கடைசியில் என்னிடம் வந்தார். தேர்வாளரும் கூடவே வந்து நின்றார்.

"அப்ப நான் கிளம்புறேன்பா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். "அண்ணிகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அம்மாவைத்தான் சொன்னார். இப்போதாவது நான் வாயைத் திறந்து 'அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடந்துச்சுன்னு சொல்லுங்க, சித்தப்பா" என்றேன்.