பார்த்ததைச் சொல்கிறவர்

இரு நாட்டு எல்லை முள்வேலியை ஒட்டி வெள்ளை ஜீப் நிற்கிறது. கதவில் எழுதிய உலக அமைப்பின் பெயர் வெயிலில் வெளுத்திருக்கிறது. யார் சுட்டாலும் அதன் கண்காணிப்பாளரால் தடுக்க முடியாது; பார்த்துத் தலைமையகத்துக்குச் சொல்லலாம், அவ்வளவுதான். வேலியோரத்து வீட்டுக்காரி ஈரக்கையைத் துடைத்தபடி வருகிறாள். “அக்காவுக்கு இந்த மாசம்தான் பிரசவத் தேதி சார். போனும் போகமாட்டேங்குது. அந்தப் பக்கம், அதோ அந்த ஓட்டு வீடு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.” “அங்க பார்க்கிறதை இங்க இருக்கறவங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா. என் வேலை போயிடும்.” அவர் பைனாகுலரைக் கண்ணில் வைக்கிறார். வழக்கத்தைவிட நெடுநேரம் வைத்திருக்கிறார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து அன்றைய அறிக்கையைச் சொல்கிறார், இன்று கொஞ்சம் சத்தமாகவே. “பீரங்கி எதுவும் இல்லை. புதுசா பதுங்குகுழி இல்லை. ஓட்டு வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு துணி காயப்போடுறாங்க. எல்லாம் உள்ளங்கை அகலச் சட்டை.” வயர்லெஸ் கரகரக்கிறது. “துணிக்கணக்கெல்லாம் எதுக்கு சார்?” “பார்த்ததைச் சொல்றதுதானே நம்ம வேலை?” என்கிறார் அவர், அவள் பக்கம் திரும்பாமலே. அவள் முள்கம்பி என்றும் பாராமல் பற்றிக்கொண்டு நிற்கிறாள். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்துகிறாள்: “ஏங்க, வெளிய வாங்க! நான் சித்தி ஆயிட்டேன்!”