அசையாத மேடு

“ஒரே ஒரு புள்ளியை அழிச்சாலும் அவன் விஞ்ஞானி இல்ல ப்ரொஃபசர், திருடன்,” என்றான் காரெட், உலகத்துக்கே தீர்ப்பு எழுதும் குரலில்.

வேறொரு பல்கலைக்கழகத்தில் எவனோ தனக்கு ஒத்துவராத அளவீடுகளை அழித்து மாட்டிக்கொண்டிருந்தான்.

“பட்டத்தையே பிடுங்கிட்டாங்களாமே, பாவம்,” என்றார் பேராசிரியர் ஹேவர்காம்ப்.

“என்ன பாவம்? நானா இருந்தா பட்டமே வேணாம்னு பெட்டியைக் கட்டியிருப்பேன்.”

ஒஹாயோவின் அந்த ஆய்வகத்தில் காரெட்டுக்கு இது ஏழாவது பனிக்காலம். வெள்ளிக்கிழமை முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பட்டம் கிடைத்தால் திங்கட்கிழமை கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

கண்ணாடியில் லேசரை அடித்து, சிதறும் ஒளியில் அணுக்களின் மெல்லிய நடுக்கத்தைப் படிப்பதுதான் அங்கே பிழைப்பு. எந்தக் கண்ணாடியும் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு மேடு காட்டும். கலவையை மாற்றினால் மேடும் நகரும். ஹேவர்காம்பின் கண்ணாடியில் மட்டும் நகராது. அவருடைய இருபது வருடப் புகழ் அந்த மேட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காரெட் கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு, அதை வைத்து அளக்கும் குளிர்பெட்டியில் வெறுமனே லேசரை அடித்துப் பார்த்தான். மேடு அப்படியே நின்றது. இத்தனை வருடமும் எல்லோரும் அளந்தது பெட்டிக்குள் லேசர் நுழையும் ஜன்னலின் கண்ணாடியை.

வரைபடத்தைப் பேராசிரியரிடம் நீட்டினான். அவர் காபியைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

“உன் ஆய்வேடுப்பா. சேர்க்கறதும் விடறதும் உன் இஷ்டம்.”

“சேர்த்தா உங்க பேரு…”

“என் பேரு கிடக்கட்டும். நீதான் எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். ரெண்டு வருஷம் ஆகும். அந்தத் தொழிற்சாலைக்காரங்க காத்திருப்பாங்களா?”

சாயங்காலம் காரெட் அந்த அளவீட்டுக் கோப்பைக் கணினியிலிருந்து அழித்தான். பிறகு கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தான்.

வெள்ளிக்கிழமை, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: “வெறும் பெட்டியை அளந்து பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். ஒண்ணும் வரல.” குரலில் பிசிறே இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். டோனட் பெட்டி திறக்கப்பட்டது.

ஹேவர்காம்ப் அவன் கையைக் குலுக்கி, காதருகே குனிந்தார். “நல்லாச் சொன்ன, டாக்டர். உனக்கு முன்னால எட்டுப் பேர் கண்டுபிடிச்சாங்க. எட்டுப் பேரும் இதையேதான் சொன்னாங்க. இப்ப உன்னைக் கேள்வி கேட்டாரே, அவர்தான் முதல் ஆள்.”