ஒரு பக்கம் காலி

“ஒரு கிட்னி என்ன விலை, டாக்டர்?” என்றார் வெங்காய மண்டிக்காரர். பிறந்த மகனுக்கு ஸ்கேனில் ஒன்றுதான் தெரிந்திருந்தது.

“எதுக்கு வாங்கணும்? ஆயிரம், ரெண்டாயிரம் குழந்தையில ஒண்ணு இப்படிப் பிறக்கும். இருக்கிறது நல்லா வேலை செய்யுது, அது போதும். சில குடும்பத்துல வழிவழியா வரும். நீங்க ரெண்டு பேரும் ஸ்கேன் பண்ணிக்குங்க.”

“நான் மூட்டை தூக்கின உடம்பு. இவ வீட்டுலதான் எதையும் குறைச்சு அளப்பாங்க” என்று மனைவியைச் சீண்டிக்கொண்டே படுத்தார்.

டாக்டர் இடப்பக்கம் தேடினார், மறுபடியும் தேடினார். “உங்களுக்கும் ஒண்ணுதான், பிறவியிலேயே.”

“இதை வெச்சுக்கிட்டா இருபது வருஷம் மூட்டை தூக்கினேன்?” மண்டிக்காரர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். “அப்போ இவனும் தூக்குவான்.”

அடுத்துப் படுத்த மனைவிக்கு இரண்டும் இருந்தன. எழுந்ததும் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

“உங்களுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. குறைச்சு அளந்தது எந்த வீடுன்னு இப்போ கூட்டிப் பாருங்க.”