டெஸ்மண்டின் முதலை

மலேசியாவின் குளுவாங் நகர மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பதும் மண்ணாந்தைகள் என்று மைக்கைப் பிடிக்கும்போதே டெஸ்மண்ட் முடிவு கட்டிவிட்டான்.

“காசு குடுத்து கேம் வாங்குறீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான். நான் செஞ்ச கேம் இலவசம். ப்ரோக்ராமும் திறந்தே கிடக்கு. யாரும் பார்க்கலாம், மாத்தலாம்.”

பின்வரிசையில் துடோங் முக்காடு அணிந்த ரம்லா என்ற பெண் கையைத் தூக்கினாள். “யார் வேணும்னாலும் மாத்தலாமா சார்?”

“மாத்தி எனக்கு அனுப்பணும். நான் ஓக்கே சொன்னா கேம்ல சேர்ந்துடும்.” அவளை ஏற இறங்கப் பார்த்தான். “ஆனா உங்களுக்கெல்லாம் புரியாது லா, அக்கா. நம்மாளுங்க பட்டன் அமுக்கத்தான் லாயக்கு.”

“போன மாசம் கோத்தா திங்கி கூட்டத்துலயும் என்கிட்ட இதையேதான் சொன்னீங்க.”

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய திரையில் கேமை ஓடவிட்டான். ஜொகூர் ஆற்றில் படகு போனது. கடைசிக் கட்டத்தில் ஒரு முதலை எழும்பும். அதைத் தானே வரைந்ததில் அவனுக்குத் தனிப் பெருமை.

முதலை எழும்பியது. உடம்பு முதலைதான், முகம் டெஸ்மண்டுடையது. வாயைப் பிளந்து அது சொன்னது: “உங்களுக்கெல்லாம் புரியாது லா.”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

“எவன்டா என் கேம்ல கை வச்சது?”

“நான்தான் சார். போன வாரம் மாத்தி அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்துல ஓக்கே சொல்லி நீங்கதான் சேர்த்தீங்க.” ரம்லா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “திறந்து பார்த்திருக்கலாமே சார். திறந்துதானே கிடந்துச்சு.”