குடிக்காத கோப்பை

காப்பியை வாங்கிய பிலிப்போஸ் அதைக் குடிக்கவில்லை. சின்னக் கோப்பையைக் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே முதலாளி அபு சைஃப்; ஆபீஸில் எல்லோருக்கும் 'அர்பாப்'. விருந்தாளி முதலில் குடிக்கட்டும் என்ற மரியாதையோ என்னவோ, அவருடைய கோப்பையும் தொடாமலே இருந்தது.

"குடிங்க சாப். இதுல என்ன விஷமா கலந்திருக்கேன்?" என்று காதோரம் முணுமுணுத்தார், மூக்கு நீண்ட பித்தளைக் கூஜாவுடன் நின்ற ஹபீபுல். வெள்ளை அங்கியும் இடுப்பில் வளைகத்தியுமாகப் பக்கா அரபி வேஷம். ஆள் பங்களாதேஷ்.

பிலிப்போஸ் அசையவில்லை. எல்லாம் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் மக்தி சொல்லிக்கொடுத்த பாடம். மக்தி கெய்ரோக்காரர்.

"காப்பியை வாங்கு. வாயில மட்டும் வைக்காதே" என்றிருந்தார் மக்தி. "குடிக்காம முன்னால வெச்சா, ஏதோ கேக்க வந்திருக்கேன்னு அர்த்தம். வீட்டுக்காரர் 'அப்ஷிர்'னு ஒரு வார்த்தை சொல்லுவார். கேட்டது கிடைச்சாச்சு, குடின்னு அர்த்தம். சொல்லிட்டா அப்புறம் மாத்தவே முடியாது."

"நெஜமாவா? நீ எங்கே பாத்தே?"

"போன ரம்ஜான் சீரியல்ல. முப்பது எபிசோடும் விடாம பாத்தேன்."

சீரியலை நம்பி வந்தாயிற்று. வேறு வழியும் இல்லை. நிர்வாகப் பிரிவில் உள்ளூர் ஆளைப் போடப்போகிறார்கள் என்று ஆபீஸில் ஒரு மாதமாகப் பேச்சு. அந்தப் பிரிவில் இருப்பதே ஒரே ஒரு நாற்காலிதான். அதில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் பிலிப்போஸ். அவர் விசா போனால் மனைவியின் விசாவும் போகும், மகள் அனீட்டாவின் பள்ளிக்கூடமும் போகும். அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை இன்னும் ஐந்து மாதத்தில்.

துபாய்க்கு வந்து இத்தனை வருஷத்தில் ஓர் உள்ளூர்க்காரர் வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரிந்த அரபியில் பாதி, டாக்ஸிக்காரர்களிடம் படித்தது. அவர்களோ பெஷாவர்க்காரர்கள். இருந்தாலும் கோட்டயத்திலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு, அரபிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பெடுப்பவர் அவர்தான்.

"என்ன பிலிப், காப்பி பிடிக்கலையா?" என்றார் அபு சைஃப். "உங்க ஆளுங்களுக்குக் கரக் சாயாதானே உசுரு? போடச் சொல்லவா?"

பாழாய்ப்போன மக்தி! கேட்பதா வேண்டாமா என்று பிலிப்போஸ் விழித்தார்.

அபு சைஃப் கோப்பையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மெல்ல முகம் மலர்ந்தது.

"அடேய், இதெல்லாம் உனக்கு யார் சொன்னா? எங்க அப்பா காலத்தோட போச்சுன்னுல்ல நெனச்சேன்! என் பிள்ளைங்களுக்கே தெரியாதுடா."

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு அர்பாப். உங்க வழக்கம் தெரியாமலா இருப்பேன்?" என்றார் பிலிப்போஸ். சீரியலைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அப்ஷிர்! குடி. குடிச்சிட்டுக் கேளு."

ஒரே மடக்கு. தொண்டை கசந்ததும் தெரியவில்லை. "என்னை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க அர்பாப். பொண்ணு படிப்பு பாதியில நிக்குது." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அபு சைஃப் தன் மூக்கு நுனியை விரலால் தொட்டார். "என் மூக்கு மேல சத்தியம். நான் உன்னை அனுப்ப மாட்டேன். போதுமா?"

மூக்கைத் தொட்டுச் சொன்னதை இந்த மண்ணில் யாரும் மீற மாட்டார்கள். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத பிலிப்போஸுக்கு அங்கேயே படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. மக்திக்கு ஒரு பிரியாணி, இல்லை, வாரம் முழுக்கப் பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் எதிரே இருந்த கோப்பை கண்ணில் பட்டது.

"நீங்க இன்னும் குடிக்கலையே அர்பாப்?"

அபு சைஃப் தலை குனிந்துகொண்டார். "எப்படிக் குடிக்கிறது? எனக்கும் உன்கிட்ட ஒண்ணு கேக்க இருக்கு. கேக்கத்தான் வெக்கமா இருக்கு."

முதலாளி தன்னிடம் கேட்கிறார்! பிலிப்போஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஹபீபுல் வேறு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிலிப்போஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் மூக்கு நுனியைத் தொட்டார்.

"அப்ஷிர் அர்பாப்! என் மூக்கு மேல சத்தியம். மொதல்ல குடிங்க."

"என்னன்னு கேக்காமலே வாக்குக் குடுக்கிறியே?"

"வழக்கம் அதுதானே அர்பாப்."

அபு சைஃப் ஆறிப்போன காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். இனி போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை இரண்டு ஆட்டு ஆட்டி ஹபீபுலிடம் கொடுத்தார்.

"உன் நாற்காலியை மருமகனுக்குத் தரேன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் பிலிப். அவன் வர்ற ஒண்ணாம் தேதி சேர்றான்."

"அர்பாப்... இப்பதானே மூக்கைத் தொட்டு, அனுப்ப மாட்டேன்னு..."

"ஆமா, சொன்னா சொன்னதுதான். நான் அனுப்ப மாட்டேன். நீயாவே போயிடு."